மாப்பிள்ளை கைவைத்த கம்ப்யூட்டர்

போன வாரம் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு ஆபரேஷன் நடந்தது.

பேஷண்ட் ஒரு கம்ப்யூட்டர். டாக்டர், எங்கள் சின்ன மாப்பிள்ளை. சுற்றி நின்று வாயைப் பிளந்தது நாங்கள். ஆபரேஷன் சக்சஸ். பேஷண்டும் பிழைத்துக்கொண்டது. பழைய ஞாபகம்தான் ஒன்றுகூட இல்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். 'அப்பவே நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே' என்று நடுவில் நீங்கள் கத்துவீர்கள். கத்துங்கள். எங்கள் வீட்டில் யாரும் கத்தவில்லை. அதுதான் பிரச்னையே.

எங்கள் வீடு சிங்காநல்லூரில் இருக்கிறது. முன்னறை என்றால் சோபா போட்ட ஹால் என்று நினைக்காதீர்கள். அங்கே இரண்டு எம்பிராய்டரி மெஷின்கள் காலையிலிருந்து தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கும். அது என் பெரிய மகள் கவிதாவின் ராஜ்ஜியம். கட்டிக்கொடுத்த இடம் ஒத்துவராமல் ஒரே ஒரு பையோடு திரும்பி வந்தவள். கொஞ்ச நாள் அழுதாள். அப்புறம் லோன் போட்டு ஒரு மெஷின் வாங்கினாள். அது நன்றாக ஓட, இன்னொன்று வாங்கினாள். இன்றைக்குச் சூலூரிலிருந்து பொள்ளாச்சி வரை, கல்யாணப் பெண்ணுக்கு ஜாக்கெட்டில் பூ போடவேண்டும் என்றால் இவளைத்தான் தேடி வருகிறார்கள். இந்த வீட்டுக்கு அரிசி, பருப்பு, கரண்ட் பில் எல்லாம் அந்தத் தடதடவில் இருந்துதான் வருகிறது. நான் பத்திரிகையில் பத்தி எழுதிச் சம்பாதிப்பதில் காப்பித்தூள் வாங்கலாம். அதுவும் சிக்கரி கலந்தது.

அந்த மெஷின்களுக்கு மூளை, மூலையில் இருக்கும் கம்ப்யூட்டர். பூ, கொடி, மாங்காய், அன்னம்... எந்த இடத்தில் ஊசி இறங்கவேண்டும், எந்த இடத்தில் நூல் மாறவேண்டும் என்று தையல் தையலாகக் கவிதா உட்கார்ந்து வரைந்து வைத்திருந்தாள். இத்தனை வருஷமாக அவள் வரைந்தது எல்லாம் அதன் ஹார்டு டிஸ்க்கில் இருந்தது. கடைசியாக வரைந்தது கிணத்துக்கடவில் ஒரு பெண்ணுக்கு. ஆவணி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம். முதுகில் தாழம்பூ விரிந்து கைக்கு இறங்கி வரவேண்டும் என்று அந்தப் பெண் கேட்டிருந்தாள். வேறு எங்கேயும் இருக்கக்கூடாது என்றும் கேட்டிருந்தாள். கவிதா அதற்காக ஆனி மாசம் முழுக்கக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். வரைந்து முடித்தாயிற்று. தைப்பதுதான் பாக்கி.

இந்த நேரத்தில் ஆடி நோம்பி என்கிற ஆடிப் பண்டிகை வந்தது. புது மாப்பிள்ளையும் வந்தார்.

சின்ன மகள் நித்யாவுக்குத் தை மாசம்தான் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை பிரவீண் கோபிசெட்டிபாளையத்துக்காரர். வாழையும் நெல்லுமாக நல்ல குடும்பம். பையன் பெங்களூரில் சாப்ட்வேர். குரல் எழும்பாத பிள்ளை. எதைக் கேட்டாலும் 'செரிங்க', எதை வைத்தாலும் 'நல்லா இருக்குதுங்க அத்தை'. மாமியாருக்கு இதைவிட என்ன வேண்டும்?

எங்கள் ஊர் மாப்பிள்ளை மரியாதை பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நாங்கள் வண்டியில் வந்து இடித்தவனையே 'ஏனுங்க, பாத்து வரக் கூடாதுங்களா' என்று கேட்கிற ஜனங்கள். மாப்பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். அவர் உட்கார்ந்தால் நாங்கள் நிற்போம். அவர் தும்மினால் நாங்கள் கஷாயம் போடுவோம். நான் ஊரில் இருக்கிற கவுன்சிலரில் இருந்து கேபிள்காரர் வரை வாராவாரம் இந்தப் பக்கத்தில் கேள்வி கேட்கிறவள்... மாப்பிள்ளை முன்னால் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் பாதி முகம்தான் தெரியும்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் வீட்டுக்காரரைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு: மில்லில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர்டு ஆனவர். இப்போது சூப்பர்வைஸ் பண்ண ஆள் கிடைக்காமல் தவிப்பவர். நோம்பிக்கு மறுநாள் காலையில் மாப்பிள்ளையை முன்னறைக்குக் கூட்டிப்போய்க் கம்ப்யூட்டரைக் காட்டினார். இது ஆன் ஆவதற்குள் ஒரு டம்ளர் காப்பி குடித்துவிடலாம், நீங்கள்தான் பார்த்து ஏதாவது செய்யவேண்டும் என்றார்.

மாப்பிள்ளை என்ன சொன்னார் தெரியுமா? நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

"எனக்கு ஹார்டுவேர் எல்லாம் தெரியாதுங்க மாமா."

காதில் விழுந்ததா? எங்களுக்கும் விழுந்தது. என் வீட்டுக்காரர் நேரே அடுப்படிக்கு வந்தார். முகமெல்லாம் பூரிப்பு. "பாத்தியா, எத்தனை அடக்கம்" என்றார். நானும் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

சாப்ட்வேரில் இருக்கிற பையனுக்குக் கம்ப்யூட்டரைப் பிரிக்கத் தெரியும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. டவுன் பஸ்ஸில் தினமும் போகிறவர் எல்லாம் கியர் பாக்ஸைப் பிரித்து மாட்டுவாரா என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். மாப்பிள்ளை விஷயத்தில் யோசிப்பதே மரியாதைக் குறைவு.

அவரும் என்ன செய்வார், பாவம். மாமனார் வாயால் கேட்டுவிட்டார். போனில் ஏதேதோ வீடியோ பார்த்தார். கடைக்குப் போய் ஒரு எஸ்.எஸ்.டி. வாங்கிவந்தார். அதுவும் டிஸ்க்தானாம், சூயிங்கம் பட்டை அளவுக்கு ஒரு சில்லு. இதற்குள்ளா அத்தனை வேகம் என்று நாங்கள் ஆளாளுக்குக் கையில் வாங்கிப் பார்த்தோம். இதை உள்ளே செருகி, சிஸ்டத்தைப் புதிதாக இதில் போட்டுவிட்டால் சிட்டாகப் பறக்கும், பழைய டிஸ்க்கும் அதன்பாட்டுக்கு அப்படியே இருக்கும் என்றார்.

கவிதா அப்போதுதான் மேஜை டிராயரைத் திறந்து ஒரு வெளி டிஸ்க்கை எடுத்தாள். பிரிப்பதற்கு முன்னால் டிசைன்களை எல்லாம் இதில் காப்பி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள்.

மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "ஏனம்மணி, மாப்பிள்ளை இருக்கறப்ப எதுக்கு அது? அவரைச் சந்தேகப்படற மாதிரி ஆயிருமல்ல."

நான் கதவுக்குப் பின்னால் இருந்து கவிதாவுக்குக் கண்ணைக் காட்டினேன். அவள் டிஸ்க்கை டிராயரில் திரும்ப வைத்தாள்.

பேக்கப் எடுக்காமல் விட்டவர்கள் உலகத்தில் ஏராளம். சோம்பேறித்தனத்தில் விடுவார்கள், மறதியில் விடுவார்கள். மரியாதைக்காக விட்டவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

மாப்பிள்ளை தரையில் துண்டு விரித்துப் பெட்டியைப் பிரித்தார். என் வீட்டுக்காரர் டார்ச் பிடித்தார். சில்லு உள்ளே போனது. திருகு மாட்டியாயிற்று. சிஸ்டம் போட ஆரம்பித்தார். எந்த டிஸ்க்கில் போடவேண்டும் என்று கம்ப்யூட்டர் கேட்டதாம். அதில் ஒரே ஒரு பேர்தான் இருந்ததாம், குழப்பமே இல்லாமல் போயிற்று என்று சந்தோஷமாகச் சொன்னார். இரண்டு டிஸ்க் இருக்கிற பெட்டியில் ஒன்றுதான் தெரிகிறது என்றால் அது சந்தோஷப்படுகிற விஷயமா? எனக்கு அப்போது தெரியவில்லை. கவிதாவின் முகம் மாறியது மட்டும் தெரிந்தது.

கம்ப்யூட்டர் ஆன் ஆனது. உண்மையிலேயே சிட்டுத்தான். காப்பிக்கு அடுப்பைப் பற்றவைப்பதற்குள் ஸ்கிரீனில் படம் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் கையைத் தட்டினார். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அணைத்துவிட்டு மறுபடி ஆன் பண்ணிக் காட்டினார்.

கூட்டம் கலைந்தபிறகு கவிதா நாற்காலியில் உட்கார்ந்தாள். அங்கே சொடுக்கினாள், இங்கே சொடுக்கினாள். புது டிஸ்க் ஒன்று பளபளவென்று காலியாக இருந்தது. பழையது இல்லை. கெட்டுப்போயிருக்கிறது, ரிப்பேர், திறக்க முடியவில்லை என்றெல்லாம் ஒன்றும் வரவில்லை. அப்படி ஒரு டிஸ்க் இந்தப் பெட்டியில் பிறந்ததே இல்லை என்கிற மாதிரி இருந்தது கம்ப்யூட்டர்.

"தம்பி, என்ற டிசைனெல்லாம் எங்கீங்க?" என்றாள்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்கள். ஆண்டி மாப்பிள்ளையாகவும் இருந்துவிட்டால் அவரை வையவும் முடியாது.

ரீஸ்டார்ட் போட்டார். மறுபடியும் போட்டார். ஒயரைப் பிடுங்கி வாயால் ஊதி மாட்டினார். வேறு ஒயர் வாங்கிவந்து மாட்டினார். ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு வேர்த்துக் கொட்டியது. நான் அதைக் கடும் உழைப்பு என்று நினைத்து டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன். எங்கள் ஊர் இடியாப்பமான சந்தகையைத் தட்டு நிறையப் பிழிந்து, அது மூழ்கத் தேங்காய்ப்பாலும் ஊற்றிக் கொடுத்தேன். வந்த அன்றிலிருந்து அதைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். 'நல்லா இருக்குதுங்க அத்தை' என்றார்.

கவிதா குனிந்து பெட்டிக்குள்ளே பார்த்தாள். அப்புறம் மெதுவாக ஒரு யோசனை சொன்னாள். காலையில் வரைக்கும் எல்லாம் தெரிந்தது, இடையில் நடந்தது ஒன்றே ஒன்றுதான், அந்தப் புதுச் சில்லைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் என்ன?

சொல்லி முடிப்பதற்குள் நான் அவள் இடுப்பில் கிள்ளிவிட்டேன். மாப்பிள்ளை வைத்ததை மாப்பிள்ளை முன்னாலேயே கழற்றச் சொல்வதாவது? அதுவும் யார்? வாழாமல் வந்தவள்.

இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன, அவளுக்குத் தெரியாதா? ஒறம்பரை சொந்தம் வந்தால் உள்ளே போய்விடு, மாப்பிள்ளை வீட்டார் வந்தால் முன்னால் நிற்காதே, நல்ல காரியத்தில் பின்வரிசையில் நில்... திரும்பி வந்த நாளிலிருந்து இதைத்தானே கண்ணாலும் கிள்ளாலும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அவள் சம்பாதித்துப் போட்ட சோற்றைத் தின்றுகொண்டே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அவள் கையால் வரைந்த பழைய தாள்களை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தாள்.

மறுநாள் கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்தார். செந்தில் என்று பேர். ஒண்டிப்புதூரில் கடை. வந்தவர் பெட்டியைத் திறந்தார். புதுச் சில்லைப் பார்த்தார், "இது எப்பங்க போட்டது?" என்று ஆரம்பித்தார். நல்ல கேள்வி. விட்டிருந்தால் அடுத்த கேள்வியும் நல்லதாகவே வந்திருக்கும்.

எங்கள் சூப்பர்வைசர் விடுவாரா? அது சின்ன மாப்பிள்ளை போட்டது, அவர் பெங்களூரில் பெரிய சாப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறார், இதோ இவர்தான் என்று அறிமுகம் செய்துவைத்தார்.

செந்தில் எழுந்து நின்று மாப்பிள்ளைக்கு ஒரு வணக்கம் வைத்தார். அப்படியானால் அதெல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்றார். சில்லு இருந்த பக்கம் அப்புறம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழைய டிஸ்க்கைத் தட்டினார், காதில் வைத்துக் கேட்டார். இதற்கு வயதாகிவிட்டது, தானாகவே போயிருக்கும், சென்னைக்கு அனுப்பினால் உள்ளே இருப்பதை எடுக்கப் பார்ப்பார்கள், வர ஒரு மாசம் ஆகும், வந்தாலும் உத்தரவாதம் இல்லை என்றார். பெட்டியை மூடினார். காப்பி குடித்தார். போயிட்டு வாரேனுங்க என்று கிளம்பிவிட்டார்.

வயதாகிவிட்டதாம். முந்தின நாள் காலை வரை ஒழுங்காக ஓடிய டிஸ்க்குக்கு, மாப்பிள்ளை திருகு மாட்டிய அதே நிமிஷத்தில் வயதாகிவிட்டது! எங்களுக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது. யார் மேலும் பழி இல்லை பாருங்கள். போனது கவிதாவுடையது மட்டும்தானே.

கணபதி பக்கம் ஒரு பட்டறையில் நடந்ததாக என் தம்பி சொல்வான். முதலாளியின் மருமகன் ஒரு மோட்டாரைத் திருப்பி மாட்டிவிட்டாராம். ஒருத்தரும் சொல்லவில்லையாம். சின்ன முதலாளி மனசு நோகக்கூடாது என்று பெல்ட்டை எட்டுப்போல முறுக்கிப் போட்டு அப்படியே ஓட்டினார்களாம். நான் அதை இத்தனை நாள் கட்டுக்கதை என்று நினைத்திருந்தேன்.

அன்று மத்தியானம் கிணத்துக்கடவிலிருந்து போன். கல்யாணப் பெண்ணின் அம்மா. கூரைப்புடவை வந்துவிட்டது, ஜாக்கெட் எப்போது கிடைக்கும் என்று கேட்டார். கவிதா 'ஆயிருமுங்க' என்றாள். போனை வைத்தாள். தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. வீட்டுக்குப் பின்னால் பொடக்காலிப் பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் வெகுநேரம் ஓடியது. என் மகள் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறவள் என்று எனக்குத் தெரியும். வந்த புதிதிலும் அப்படித்தான் அழுதாள். அப்போதும் நான் என்ன செய்தேன்? மாப்பிள்ளைக்குக் கேட்டுவிடப்போகிறதே என்று டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

முகம் கழுவிக்கொண்டு வந்தாள். முன்னறையில் என் வீட்டுக்காரர் அந்த டிஸ்க்கைச் சென்னைக்கு எந்தக் கூரியரில் அனுப்பலாம் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். மாப்பிள்ளை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். கவிதா நேரே அவர் முன்னால் போய் நின்றாள். நான் கையை நீட்டுவதற்குள் எட்டாத தூரம் போய்விட்டாள்.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க. கோவிச்சுக்காதீங்க. இது உங்களுக்குத் தெரியுமுங்களா, தெரியாதுங்களா?"

என் வீட்டுக்காரர் எழுந்தார். நான் மனசுக்குள் அவிநாசிலிங்கேஸ்வரரைக் கூப்பிட்டேன். தை மாசம் கட்டிக்கொடுத்து ஆடியில் சம்பந்தம் முறிந்தது என்று ஊர் பேசப்போகிறது என்று நினைத்தேன்.

மாப்பிள்ளை தலை நிமிர்ந்தார்.

"தெரியாதுங்க அண்ணி" என்றார். "மொத நாளே மாமாகிட்டச் சொன்னனுங்க."

சொன்னதும் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவேண்டுமே. நாலு நாள் பல்வலிக்காரனுக்குப் பல்லைப் பிடுங்கிவிட்ட மாதிரி ஒரு தெளிவு. அதற்குப் பிறகு வாய் நிற்கவில்லை. புதுச் சில்லைக் கழற்றிப் பார்க்கலாம் என்று அண்ணி சொன்னபோதே சரி என்று பட்டதாம். ஆனால் அத்தை பிடித்துக் கிள்ளியதைப் பார்த்துவிட்டாராம். என்னவோ குடும்ப விஷயம் என்று பேசாமல் இருந்துவிட்டாராம்.

பார்த்துவிட்டாராம்!

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். கவிதா டார்ச் பிடிக்க, அவர் திருகைக் கழற்றினார். புதுச் சில்லை வெளியே எடுத்து வைத்துவிட்டு ஆன் பண்ணினார்கள். கம்ப்யூட்டர் பழைய மாதிரி முக்கியது, முனகியது. ஒரு டம்ளர் காப்பி நேரம் எடுத்துக்கொண்டது. அப்புறம் பழைய ஸ்கிரீன் வந்தது. மாங்காய், அன்னம், கொடி... தாழம்பூ. எல்லாம் அப்படியே இருந்தன. கவிதா தாழம்பூவைத் திறந்து ஒருமுறை பார்த்தாள். அடுத்துச் செய்தது, டிராயரைத் திறந்து அந்த வெளி டிஸ்க்கை எடுத்ததுதான். இந்தமுறை யாரும் வாயைத் திறக்கவில்லை.

காப்பி எடுத்து முடித்தபிறகுதான் காரணத்தைத் தேடினார்கள். மதர்போர்டு கம்பெனிக்காரன் தன் வெப்சைட்டில் போட்டே வைத்திருக்கிறான். இந்தப் புதுச் சில்லுக்கான இடத்தில் ஏதாவது செருகினால், ஓரத்தில் இருக்கிற ஒரு பழைய சாக்கெட்டுக்குத் தொடர்பு தானாகத் துண்டிக்கப்பட்டுவிடுமாம். இரண்டுக்கும் ஒரே பாதை. நம்முடைய பழைய டிஸ்க் துரதிர்ஷ்டத்துக்கு அந்தச் சாக்கெட்டில்தான் மாட்டியிருந்தது. டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை. உள்ளே இருந்ததில் ஒரு தையல்கூட அழியவில்லை. ஒயரைப் பக்கத்துச் சாக்கெட்டுக்கு மாற்றினார்கள். புதுச் சில்லைத் திரும்பச் செருகினார்கள். இப்போது இரண்டும் தெரிந்தன. வேகத்துக்கு வேகம், டிசைனுக்கு டிசைன்.

அவ்வளவுதான் விஷயம். முதல் நாளே கவிதா சொன்னபடி கேட்டிருந்தால் ஒரு காப்பி ஆறுவதற்குள் முடிந்திருக்கும்.

பிற்பாடு கவிதா கடைக்குப் போன் போட்டுச் செந்திலிடம் விஷயத்தைச் சொன்னாள். தனக்கும் அப்போதே லேசாகச் சந்தேகம் இருந்தது என்றாராம். பின்னே ஏன் சொல்லவில்லை? "மாப்பிள்ளை இருந்தாருங்களே" என்றாராம்.

என் வீட்டுக்காரர் திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? சாயங்காலத்துக்குள் தெருவுக்கே செய்தி போய்விட்டது. கடைக்காரனே கைவிட்ட டிஸ்க்கை எங்கள் மாப்பிள்ளை கண்டுபிடித்துவிட்டார்! பக்கத்து வீட்டுக்காரர் வந்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாப்பிள்ளை கூச்சத்தோடு, "நான் இல்லீங்க, அண்ணிதான் கண்டுபிடிச்சாங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தியா, எத்தனை அடக்கம்."

அடப்போங்க என்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அடுத்தவர் முன்னால் அவரை 'அடப்போங்க' என்று சொன்னது அதுதான் முதல்தடவை.

இத்தனை கூத்துக்கும் நித்யா எங்கே என்று கேட்பீர்கள். மாடியில், கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்போனோடு ஆபீஸ் வேலை. எல்லாம் முடிந்தபிறகு இறங்கி வந்து கதையைக் கேட்டவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பெங்களூர் வீட்டில் பல்பு மாற்றுவதே அவள்தானாம். ஒரு வார்த்தை மாடி ஏறிவந்து கேட்டிருக்கக்கூடாதா என்றாள். கேட்டிருக்கலாம்தான். கட்டின பெண்டாட்டியிடம் புருஷனின் தகுதியை விசாரிப்பது எந்த ஊர் மரியாதை?

யோசித்துப் பார்த்தேன். அந்தப் பையன் தெரியாது என்றான். அடக்கம் என்று சொல்லி அவன் வாயை அடைத்தோம். என் பெண் தெரியும் என்றாள். கிள்ளி அவள் வாயை அடைத்தோம். இரண்டு பேருக்கும் நாங்கள் செய்ததற்குப் பேர் மரியாதை. புதிதாக ஒன்று வந்து நடுவீட்டில் உட்கார்ந்ததும் ஓரத்தில் இருந்ததற்குத் தொடர்பைத் துண்டிக்கிற வேலையை அந்த மதர்போர்டு யாரிடம் கற்றுக்கொண்டதோ தெரியவில்லை. எங்கள் வீட்டில் ஒரு மாசம் வந்து தங்கியிருக்கும்.

மறுநாள் காலையில் மெஷின் தடதடவென்று ஓட ஆரம்பித்தது. சிவப்புப் பட்டில் தாழம்பூ மடல் மடலாக விரிந்தது. மாப்பிள்ளை வந்து நின்று வெகுநேரம் வேடிக்கை பார்த்தார். அப்புறம் அடுப்படி வாசலுக்கு வந்து தொண்டையைக் கனைத்தார். அத்தையிடம் ஒன்று சொல்லவேண்டுமாம். தேங்காய்ப்பால் அவருக்குச் சின்ன வயசிலிருந்தே ஒத்துக்கொள்ளாதாம்.

தை மாசத்தில் இருந்து ஊற்றிக்கொண்டிருக்கிறேன்! மறுவீட்டுக்கு ஊற்றினேன், சித்திரைக்கு ஊற்றினேன், நோம்பிக்குச் சொம்பு சொம்பாக ஊற்றினேன். ஒவ்வொரு தடவையும் நல்லா இருக்குதுங்க அத்தை. அந்த வயிறு என்ன பாடுபட்டதோ. கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. எலுமிச்சம்பழம் பிழிந்து சந்தகை தாளித்துத் தரட்டுமா என்றேன். தாளிங்க என்றார். செரிங்க என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா?

தாளித்தேன். என் வீட்டுக்காரர் மாப்பிள்ளையை மனையில் உட்காரவைத்து, இலையும் போட்டு, தண்ணீரும் தெளித்துவிட்டார். நான் முதல் தட்டை எடுத்துக்கொண்டு அவர்களைத் தாண்டி முன்னறைக்குப் போனேன். கவிதா நூல் மாற்றிக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் விருந்து நாளில் முதல் தட்டு தனக்கு வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. யாருக்கு இது என்பதுபோல என்னைப் பார்த்தாள். உனக்குத்தான் சாமி, சூடாகச் சாப்பிடு என்று சொல்லி மெஷினை நானே அணைத்தேன்.

உள்ளே இருந்து என் வீட்டுக்காரர் பதறிப்போய்க் குரல் கொடுத்தார். மாப்பிள்ளை இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறாராம்.

உட்கார்ந்திருக்கட்டுமுங்க. காத்திருந்தால் மாப்பிள்ளை ஒன்றும் அழிந்துபோகமாட்டார்.